நிலத்தை விற்க வேண்டாம், மாத்திரையை நிறுத்த வேண்டாம்

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பாவுக்கு 54 வயது. ஆறு மா சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை. மூன்று மாதமாக இளைத்துக்கொண்டே வந்தார். நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிட்டது என்று எழுந்துவிடுவார். இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது என்றார். அல்சர் என்று நினைத்து மருந்து வாங்கிக் கொடுத்தோம். கடைசியில் மன்னார்குடியில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் வெள்ளையணு 1,84,000. மண்ணீரல் வீங்கியிருக்கிறது, ரத்தப் புற்றுநோய் மாதிரி தெரிகிறது, தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்குப் போங்கள் என்று சொல்லி, சீட்டில் சி.எம்.எல். என்று எழுதிக் கேள்விக்குறி போட்டுக் கொடுத்தார் டாக்டர். நிலத்தை விற்றாவது சென்னையில் பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டியிருக்கும் என்கிறார் மாமா. கீமோ போட்டால் ஆள் தாங்கமாட்டார், நாட்டு மருந்து பார்க்கலாம் என்கிறார் சித்தப்பா. ஆவணியில் தங்கை கல்யாணம் வைத்திருக்கிறோம், தள்ளிப்போடுவதா? வயலுக்கு மருந்து அடித்ததால் வந்ததா? எங்களுக்கும் வருமா? அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லலாமா? ரத்தப் பரிசோதனைத் தாளின் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

நிலத்தை விற்கும் பேச்சை முதலில் நிறுத்துங்கள். விலை பேசி முன்பணம் வாங்கியிருந்தால்கூடத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் டாக்டர் சந்தேகப்படுவது உறுதியானால் அப்பாவுக்கு வேண்டியது தினமும் ஒரு மாத்திரையும், மூன்று மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனையும்தான். ஆறு மா நிலத்தை விழுங்கும் வைத்தியம் இல்லை இது.

நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்தேன். வெள்ளையணு நமக்குச் சாதாரணமாக 4,000-இலிருந்து 11,000 வரை இருக்கும். அப்பாவுக்கு 1,84,000. ஹீமோகுளோபின் 9.8. ரத்தம் உறைய உதவும் தட்டணு 6,20,000, அதுவும் அதிகம். ஆனால் நான் நின்று படித்தது கீழே பொடி எழுத்தில் இருக்கும் ஸ்மியர் குறிப்பைத்தான். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தட்டில் மெல்லியதாக இழுத்து, சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார்கள். நல்ல ஆரோக்கியமான ஆளின் ரத்தத்தில் முழுதாக முதிர்ந்த வெள்ளையணுக்கள் மட்டும்தான் இருக்கும். வளர்கிற நிலையில் உள்ளவை எலும்புக்குள் மஜ்ஜையோடு நின்றுவிடும். அப்பாவின் ரத்தத்திலோ ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் தெருவுக்கு வந்துவிட்ட மாதிரி எல்லா வயது செல்லும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கூடவே பேசோபில் என்ற வெள்ளையணு வகை அதிகம். பிளாஸ்ட் என்கிற, கொஞ்சமும் முதிராத செல் 3 சதவீதம்தான். நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியா, அதாவது சி.எம்.எல்., பெரும்பாலும் இப்படித்தான் தெரியும். மண்ணீரல் வீக்கமும் அதோடு ஒத்துப்போகிறது. இடது பக்கம் கனமாக இருந்ததும், நாலு வாயில் வயிறு நிரம்பியதும் அந்த மண்ணீரல் பெருத்து இரைப்பையை அழுத்தியதால். அல்சர் மருந்தில் அது கேட்காமல் போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இருந்தாலும் கேள்விக்குறி கேள்விக்குறிதான். உங்கள் டாக்டர் அதைப் போட்டது சரி. மோசமான தொற்றுகளிலும் வெள்ளையணு ஏறும். சி.எம்.எல். போலவே தோன்றும் வேறு சில மஜ்ஜை நோய்களும் உண்டு. உறுதிப்படுத்த ஒரே ஒரு பரிசோதனை வேண்டும். பி.சி.ஆர்.-ஏ.பி.எல். (BCR-ABL) என்று அதற்குப் பெயர், கீழே சுருக்கமாகப் பி.சி.ஆர். என்றே சொல்கிறேன்; கையிலிருந்து எடுக்கும் சாதாரண ரத்தத்திலேயே செய்துவிடலாம். அதில் பாசிட்டிவ் என்று வந்தால் நோய் இதுதான். அது வராமல் யாரும் எந்தப் பெரிய முடிவும் எடுக்கக் கூடாது, உங்கள் மாமாவும் சரி, சித்தப்பாவும் சரி.

ரத்தப் புற்றுநோய் என்று ஊரில் சொல்வதற்குள் பல நோய்கள் அடங்கியிருக்கின்றன. தீவிர வகை லுக்கேமியாக்கள் சில வாரங்களில் ஆளைச் சாய்த்துவிடும், உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கீமோ கொடுக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு வரும் தீவிர லிம்ஃபோபிளாஸ்டிக் வகையில் நல்ல சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலானவர்கள் முழுதாகக் குணமாகிவிடுகிறார்கள். நிணநீர்க் கட்டிகள் தனி, மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோய் தனி. உங்கள் சித்தப்பா யாருக்கோ முடி கொட்டியதையும் வாய்ப்புண் வந்ததையும் பார்த்துப் பயந்திருப்பார். அவர் பார்த்தது பொய்யில்லை. ஆனால் அது வேறு நோய், வேறு மருந்து.

சி.எம்.எல். எப்படி வருகிறது என்பது மருத்துவத்துக்கு நன்றாகவே தெரியும். மஜ்ஜையில் இருக்கும் ஒரே ஒரு செல்லில் 9-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 22-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் உடைந்து இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அப்படி ஒட்டிய இடத்தில் புதிதாக உண்டாகும் புரதம் அந்த செல்லை ஓயாமல் பெருகச் சொல்லிக்கொண்டே இருக்கும். 1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நோவல், ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் அந்தக் குட்டையான குரோமோசோமைக் கண்டார்கள், அதனால் இன்றும் அதற்குப் பிலடெல்பியா குரோமோசோம் என்றே பெயர். 1973-இல் ஜேனட் ரவுலி அது இடமாற்றத்தால் வருவது என்று காட்டினார். அந்தப் புரதத்தின் வேலையை மட்டும் குறிவைத்துத் தடுக்கும் இமாடினிப் என்ற மாத்திரை 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோயாளிகளைப் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வில், இமாடினிப்பில் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 83 பேர் பத்து வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். அதற்கு முந்தின காலத்தில் இந்த நோயோடு சில வருடங்கள் தாண்டுவதே பெரிய பாடு. மாமா சொல்லும் மஜ்ஜை மாற்றம் அந்தக் காலத்துச் சிகிச்சை. இன்று மாத்திரைகள் ஒன்றுக்குமேல் ஒன்றாகத் தோற்றவர்களுக்கோ, நோய் முற்றிய நிலைக்குப் போனவர்களுக்கோ மட்டும்தான் அதைப் பற்றிப் பேசுகிறோம்.

விலைக்கு வருகிறேன். ஒரு காலத்தில் அந்நிய கம்பெனியின் இமாடினிப்புக்கு மாதம் லட்சம் ரூபாய்க்கு மேல் ஆனது. மாமா காதில் விழுந்தது அந்தக் கணக்காக இருக்கலாம். இந்தியக் கம்பெனிகள் அதே மருந்தைச் செய்ய ஆரம்பித்த பிறகு விலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. அந்த அந்நிய கம்பெனி காப்புரிமை கேட்டுப் போட்ட வழக்கை 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நம் ஊர் விவசாயியும் கூலிக்காரரும் இன்று இந்த மாத்திரையைச் சாப்பிட முடிகிறது என்றால் அந்தத் தீர்ப்புக்கு அதில் பெரிய பங்கு உண்டு. எனக்கு அதில் மனதார நன்றி இருக்கிறது. அரசு மருத்துவமனையில் விலையில்லாமல் வாங்க வழி இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதியலாம். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சைக்கு உண்டு. அப்பா படுத்த பிறகு அலைவதைவிட இந்த வாரமே பதிந்துவிடுவது நல்லது. பி.சி.ஆர். பரிசோதனைக்குத்தான் சில ஆயிரம் ரூபாய் கையிலிருந்து செலவாகலாம், அதற்கு மட்டும் தயாராக இருங்கள்.

எங்கே போவது? உங்கள் டாக்டர் சொன்ன இடத்துக்கே போங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1959-இலிருந்து நடக்கிறது. திருவாரூருக்கு 2010-இலும் நாகப்பட்டினத்துக்கு 2022-இலும் மருத்துவக் கல்லூரி வந்தது. டெல்டாக்காரர்களுக்கு ஜிப்மர் என்றால் புதுச்சேரிதான் நினைவுக்கு வரும், அங்கே புற்றுநோய்க்கும் ரத்த நோய்க்கும் சிகிச்சை உண்டு. வேலூர் சி.எம்.சி., அடையாறு புற்றுநோய் நிலையம் எல்லாம் சிக்கலான கேஸ்களுக்குப் பெரிய துணை. எந்த இடம் என்பதைவிட, ஒரு இடத்தில் பதிந்து அங்கேயே தொடர்வதுதான் இந்த நோயில் முக்கியம். தஞ்சாவூரில் ஒரு ரிப்போர்ட், திருச்சியில் ஒரு ரிப்போர்ட், சென்னையில் மூன்றாவது என்று அலைந்து, ஒவ்வொரு இடத்திலும் மருந்தை ஆரம்பிக்காமல் பரிசோதனையை மட்டும் திரும்பச் செய்துகொண்டு இரண்டு மாதத்தைத் தொலைத்தவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்க வேண்டுமானால் கேளுங்கள், தப்பில்லை. அப்பா மருந்தைத் தொடங்கிய பிறகு, எல்லாத் தாள்களையும் கையில் எடுத்துக்கொண்டு ஒரே ஒருமுறை போய்க் கேட்டு வாருங்கள்.

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி எப்படி நடக்கும் என்று தெரிந்துகொண்டு போனால் பாதி எரிச்சல் குறையும். விடிகாலை பஸ்ஸைப் பிடியுங்கள், ஓ.பி. சீட்டு காலையில்தான் போடுவார்கள். முதலில் பொது மருத்துவப் பிரிவில் பார்த்து, பிறகு சிறப்புப் பிரிவுக்கு அனுப்புவார்கள். அந்தப் பிரிவு எந்தக் கிழமை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஹவுஸ் சர்ஜன் வந்து கதையைக் கேட்பார், அப்புறம் பட்ட மேற்படிப்பு மாணவர் அதே கதையைத் திரும்பக் கேட்பார், உதவிப் பேராசிரியர் மூன்றாவது தடவை கேட்பார். வயிற்றை மூன்று பேரும் அழுத்திப் பார்ப்பார்கள். சிலர் அதை அவமானமாக எடுத்துக்கொண்டு, பெரிய டாக்டர் பார்க்கவே இல்லை என்று கோபித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்படி நினைக்காதீர்கள். மூன்று பேர் கேட்கும்போது, முதல் ஆளிடம் அப்பா சொல்ல மறந்த ஏதோ ஒன்று மூன்றாவது ஆளிடம் வெளியே வரும். வார்டு ரவுண்டில் அந்தக் கேஸ் பேராசிரியர் முன்னால் வைக்கப்படும். கற்றுக்கொடுக்கும் ஆஸ்பத்திரியில் எதையும் ஒரே ஆள் தீர்மானித்துவிட்டுப் போக முடியாது, ஏன் என்று கேட்க ஒரு மாணவர் பக்கத்திலேயே நிற்பார். நோயாளிக்கு அது பெரிய பாதுகாப்பு.

மஜ்ஜைப் பரிசோதனை செய்வார்கள். நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க அது வேண்டும். முதுகுத்தண்டில் ஊசி குத்துவார்கள், கால் விளங்காமல் போய்விடும் என்று யாராவது அப்பாவைப் பயமுறுத்துவார்கள். முதுகுத்தண்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்பெலும்பின் பின்பக்க மேட்டில், கையால் தொட்டால் தட்டுப்படும் இடத்தில், மரத்துப்போக மருந்து போட்டுத்தான் குத்துவார்கள். மஜ்ஜையை உறிஞ்சும் அந்த ஓரிரு நொடி மட்டும் உள்ளே சுரீர் என்று இழுக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எல்லாம் கால்மணி, இருபது நிமிடத்தில் முடியும். கட்டுப் போட்டு, கொஞ்ச நேரம் மல்லாந்து படுத்திருந்துவிட்டு நடந்தே வெளியே வரலாம். கல்லீரல், சிறுநீரக ரத்தப் பரிசோதனைகளோடு ஹெபடைட்டிஸ் பி-க்கும் பார்ப்பார்கள். பி.சி.ஆர். முடிவு வரும்வரை எண்ணிக்கையைக் குறைக்க ஹைட்ராக்சியூரியா என்ற மாத்திரையும், யூரிக் அமிலம் ஏறாமலிருக்க இன்னொன்றும் கொடுக்கலாம். அந்த நாட்களில் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள். மண்ணீரல் சுருங்கும்வரை நெல் மூட்டை தூக்குவது, டூவீலரில் வரப்பில் குலுங்கிப் போவது இரண்டும் வேண்டாம். இடது பக்கம் அடி படக் கூடாது. எண்ணெய் போட்டு வயிற்றை நீவிவிடுவதும் கூடவே கூடாது.

பி.சி.ஆர்.-ஏ.பி.எல். பாசிட்டிவ் என்று வந்து இமாடினிப் தொடங்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான அளவு நாளைக்கு 400 மில்லிகிராம். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் குமட்டும், அதனால் நாளில் எந்தச் சாப்பாடு வயிறாரச் சாப்பிடுகிறாரோ அதற்குப் பிறகு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு. ராத்திரி என்றால் சாப்பிட்டதும் படுத்துவிடாமல் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்திருக்கட்டும். காலையில் நீராகாரம் குடித்துவிட்டு வயலுக்குப் போகிறவருக்குக் காலை வேளை ஒத்துவராது. சில வாரங்களில் எண்ணிக்கை இறங்கும். மண்ணீரல் சுருங்கும். பசி திரும்பும். அப்பா பழைய ஆளாக வரப்பில் நடப்பார்.

ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது, தம்பி. என் ஓ.பி.யில் இந்த நோயோடு நல்லபடியாக இருந்தவர்கள் கெட்டுப்போனது பெரும்பாலும் மருந்து வேலை செய்யாததால் இல்லை. உடம்பு நன்றாகிவிட்டது என்று மருந்தை விட்டதால். ஒரேயடியாக விடுபவர்கள் குறைவு. நடவு நாளில் ஒன்று, கோயில் திருவிழாவில் ஒன்று, ஸ்ட்ரிப் தீர்ந்து தஞ்சாவூர் போக முடியாத வாரத்தில் ஐந்து என்று விடுவார்கள். அட்டையில் மாத்திரை மிச்சமிருப்பதைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். 2010-இல் லண்டனிலிருந்து வந்த ஓர் ஆய்வை நான் எல்லாக் குடும்பத்துக்கும் சொல்கிறேன். பல வருடம் இமாடினிப் சாப்பிட்டவர்களுக்கு, மூடியைத் திறந்தால் நேரத்தைப் பதிவுசெய்யும் குப்பியைக் கொடுத்துக் கணக்கெடுத்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு மாத்திரைக்கு மேல் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் 94 சதவீதம் பேருக்கு நோய் வேண்டிய அளவுக்கு அடங்கியிருந்தது. தொண்ணூறும் அதற்குக் கீழும் என்றால் வெறும் 28 சதவீதம். தொண்ணூறு சதவீதம் என்பது என்ன? மாதத்தில் மூன்று மாத்திரை விடுவது. அவ்வளவுதான். மூன்று மாத்திரையில் என்ன ஆகிவிடும் என்று நம் ஆட்கள் கேட்பார்கள், அதற்கான பதில் இது.

நம் ஊரில் எந்த நாட்களில் விட்டுப்போகும் என்று யோசித்துப் பாருங்கள். அறுப்பு மெஷின் வந்து நிற்கும் நாள். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, ஈரப்பதம் பார்த்து மூட்டை ஏறும்வரை காவல் படுத்திருக்கும் ராத்திரிகள். மாத்திரை வீட்டு அலமாரியில் இருக்கும், ஆள் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் படுத்திருப்பார். அப்பாவின் சட்டைப் பைக்கும் சாப்பாட்டுத் தூக்குக்கும் ஒரு அட்டை தனியாக இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை வந்தால் கையிருப்பில் இரண்டு வாரத்து மாத்திரை கூடுதலாக வைத்திருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது உங்கள் ஊர் எத்தனை நாள் கரண்டும் பஸ்ஸும் இல்லாமல் கிடந்தது என்று உங்களுக்கே தெரியும். கடைசி அட்டையைப் பிரித்த அன்றே அடுத்த மாத மருந்துக்குப் புறப்பட வேண்டும், தீர்ந்த பிறகு அல்ல. ஒருநாள் மறந்துவிட்டால் மறுநாள் இரட்டையாகச் சாப்பிட வேண்டாம், வழக்கமான ஒன்று போதும்.

பக்கவிளைவுகள் இருக்கும். காலையில் கண்ணைச் சுற்றி உப்பியிருக்கும், ராத்திரியில் கெண்டைக்காலில் குரக்கு பிடிக்கும், சிலருக்குப் பேதி. சில மாதத்தில் முகமும் கையும் நிறம் வெளுக்கும். வெயிலில் கறுத்த விவசாயிக்கு அது தெளிவாகத் தெரியும், டீக்கடையில் நாலு பேர் கேட்பார்கள். அது மருந்தின் இயல்பு, வேறு வியாதி இல்லை. இவற்றில் எதற்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது, ஓ.பி.யில் சொன்னால் சரிசெய்ய வழி உண்டு. ஆனால் முதல் சில மாதங்களில் வெள்ளையணுவும் தட்டணுவும் தேவைக்கு மேல் இறங்கிவிடலாம். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஈறில் ரத்தம், கறுத்த மலம், மூச்சுத் திணறல் என்றால் மறுநாள் ஓ.பி.க்காகக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இடுப்பு வலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரைகளைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே பி.சி.ஆர். திரும்ப எடுக்க வேண்டும், முடிந்தவரை ஒரே லேபில். முடிவு சதவீதமாக வரும். மூன்றாம் மாதம் 10-க்குள், ஆறாம் மாதம் 1-க்குள், ஒரு வருடத்தில் 0.1-க்குள் இறங்கியிருந்தால் நல்லது. ஒரு நோட்டில் தேதியும் அந்த எண்ணும் எழுதிவைத்துக்கொண்டு வாருங்கள், நோட்டோடு வரும் குடும்பத்திடம் எங்களுக்கு வேலை பாதியாகக் குறைகிறது. எதிர்பார்த்த மாதிரி இறங்கவில்லை என்றால் முதலில் மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்போம். அதில் தவறு இல்லை என்றால் டாசாடினிப், நிலோடினிப் மாதிரி அடுத்த மருந்துகள் இருக்கின்றன. பல வருடம் மிக ஆழமாக நோய் அடங்கியிருந்தவர்கள் சிலருக்கு டாக்டர் மேற்பார்வையில் மருந்தை நிறுத்திப் பார்ப்பதும் நடக்கிறது. அவர்களிலும் ஏறக்குறைய பாதிப்பேருக்கு நோய் திரும்பி வந்து, மறுபடி மாத்திரை தொடங்க வேண்டியிருக்கும். அந்தப் பேச்சு அப்பாவுக்கு இப்போது வேண்டாம்.

நாட்டு மருந்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சித்தப்பாவின் அக்கறையைப் புரிந்துகொள்கிறேன், அவர்மேல் கோபப்படாதீர்கள். இந்த நோய்க்குக் காரணமான அந்தப் புரதத்தை அடக்கும் என்று நிரூபிக்கப்பட்ட இலையோ பஸ்பமோ இல்லை. இமாடினிப்பையும் இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டும் ஒரே கல்லீரலில்தான் போய்ச் சேரும். மஞ்சள்காமாலை வந்தால் எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாமல் நல்ல மருந்தையும் நிறுத்த நேரிடும். பம்பளிமாஸ் பழமும் இந்த மாத்திரையின் அளவை ரத்தத்தில் மாற்றிவிடக்கூடியது, அதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். மற்றபடி பத்தியம் எதுவும் கிடையாது. மீன், முட்டை, கீரை, பருப்பு எல்லாம் சாப்பிடலாம்.

பூச்சிமருந்து அடித்ததால்தான் வந்தது என்று அப்பாவோ அம்மாவோ மனதைப் போட்டு உழப்ப வேண்டாம். சி.எம்.எல்.லுக்குத் தெளிவாகத் தெரிந்த வெளிக்காரணம் மிக அதிகக் கதிர்வீச்சு ஒன்றுதான், அதுவும் மிகச் சிலருக்கே. பூச்சிமருந்து வேறு பல வழிகளில் கெடுதல், அதனால் முகத்துணியும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் யாரும் அடிக்கக் கூடாது. ஆனால் இந்த நோய்க்கு அதைக் குற்றம் சொல்ல ஆதாரம் போதாது. இது பரம்பரையாக வராது, ஒட்டிக்கொள்ளாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், பேரப்பிள்ளையைத் தூக்கலாம். மாப்பிள்ளை வீட்டில் யாராவது கேட்டால் இதையே சொல்லுங்கள். கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். ஆவணிக்குள் அப்பா மணையில் உட்கார்ந்து தாரைவார்க்கும் தெம்போடு இருப்பார் என்று எதிர்பார்க்க நியாயம் இருக்கிறது.

அப்பாவிடம் சொல்லத்தான் வேண்டும். மறைத்தால் என்ன நடக்கும்? ஏன் இந்த மாத்திரை என்று தெரியாத மனுஷர், பசி திரும்பியதும் அதை விட்டுவிடுவார். ஆயுசு முழுக்கத் தினமும் சாப்பிட வேண்டியவர் அவர், நீங்கள் இல்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரர் வாயிலாகத் தெரிந்துகொள்வதைவிட மகன் வாயிலாகக் கேட்பது எவ்வளவோ மேல். வீட்டில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, அம்மாவையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள்: “அப்பா, உங்க ரத்தத்துல ஒரு கோளாறு இருக்கு. புத்துநோய் வகைதான். ஆனா இதுக்கு மாத்திரை இருக்கு. சர்க்கரைக்காரங்க தினம் மாத்திரை சாப்பிடுற மாதிரி நீங்களும் சாப்பிடணும். விடாம சாப்பிட்டா வயல் வேலை பார்க்கலாம், தங்கச்சி கல்யாணத்தை நடத்தலாம். ஒருநாளும் விடக் கூடாது, அது மட்டும் உங்க கையில இருக்கு.” பி.சி.ஆர். முடிவு வந்த பிறகு இதைச் சொல்லுங்கள். அதுவரை, ரத்தத்தில் கோளாறு, பரிசோதனை செய்துகொண்டிருக்கிறோம் என்பதே போதும், அது உண்மையும்கூட. அவர் திரும்பக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். சொல்வதற்குத் தயக்கமாக இருந்தால் ஓ.பி.யில் டாக்டரைச் சொல்லச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

இவ்வளவும் இது நாள்பட்ட நிலையில் இருக்கும் சி.எம்.எல். என்ற கணக்கில் எழுதியது. உங்கள் தாளில் பிளாஸ்ட் 3 சதவீதம் என்று இருப்பதால் அப்படி எழுதினேன். தஞ்சாவூரில் எடுக்கும் ஸ்மியரிலோ மஜ்ஜையிலோ அது 20 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று வந்தாலும், பி.சி.ஆர்.-ஏ.பி.எல். நெகட்டிவ் என்று வந்தாலும், மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. 20-ஐத் தொட்டால் அன்றைக்கே வார்டில் சேரச் சொல்வார்கள், மாற்று உடையோடு போங்கள், ஊருக்குத் திரும்பி வந்து யோசிக்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள்.